நாற்பது நிமிடம் உட்காரத் தெரியாதவன்

ஒரு மனிதனின் கனவைக் கெடுக்கப் பெரிய சதியெல்லாம் தேவையில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றால் போதும். மூன்று வருடங்களுக்கு முன் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் அப்படித்தான் எழுந்து நின்றேன்.

எழுந்தவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் முப்பத்தோரு வருடம் தர ஆய்வாளன். கம்பியை அளந்ததைவிடப் படிவங்களில் பிழை பிடித்ததே அதிகம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை ரேஷன் கடையிலும் வங்கியிலும் கல்யாணப் பந்தியிலும் (யாரும் கேட்காமலேயே) தொடர்ந்தேன்.

என் மருமகன் தினேஷ் கவரைப்பேட்டையில் சலூன் வைத்திருக்கிறார். அதோடு நின்றிருக்கலாம். போட்டிகளுக்கும் போவார். ஞாயிற்றுக்கிழமையானால் பொம்மைத் தலைகளை வரிசையாக வைத்துப் பயிற்சி. (சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒருமுறை அதை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார்.) ‘முடி வெட்டுவதில் என்ன போட்டி?’ என்று நான் கேட்டதை என் மகள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பொன்னேரி மண்டபத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் முதலிடம் பெற்றால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். வயது வரம்பு முப்பத்தைந்து. தினேஷுக்கு அதற்கடுத்த மாதமே முப்பத்தாறு பிறக்க இருந்தது. அதற்கு முன் இரண்டு முறை இரண்டாமிடம். இதுதான் கடைசி வாய்ப்பு.

போட்டியன்று காலை, மாடலாக உட்கார வேண்டியவர் ஷிப்ட் மாறிவிட்டது என்று போன் செய்தார். மகள் என் அடர்ந்த வெள்ளை முடியைப் பார்த்தாள்.

“நைனா, ஒனக்கு இன்னா வேல இப்போ? நாப்பது நிமிஷம் சும்மா ஒக்காந்துகினு இரு. அவ்ளோதான்.”

ரயிலில் தினேஷிடமிருந்து விதிமுறைத் தாளை வாங்கி உரக்கப் படித்தேன். ஒன்பதாம் விதி: கத்தரியும் சீப்பும் மட்டுமே, மெஷின் கூடாது. பதினோராம் விதி: நேரம் முடியும்வரை மாடல் நாற்காலியை விட்டு எழக் கூடாது, எழுந்தால் போட்டியாளர் நீக்கப்படுவார்.

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சா போதாது மாப்ள, மனசுல நிக்கணும்.”

மண்டபத்தில் பன்னிரண்டு மேஜை, காதைக் கிழிக்கும் பாட்டு. மேடையில் மூன்று நடுவர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு தலைக்கு வேண்டிய முடி இருந்தது. தினேஷ் ஆரம்பித்தார். கத்தரியின் சத்தம்தான் கேட்டது, கை படுவதே தெரியவில்லை.

ஏழு நிமிடம் பாக்கி. கண்ணாடியில் பார்க்கிறேன், பக்கத்து மேஜைக்காரர் மாடலின் பிடரியில் மெஷின் போடுகிறார்! கையைத் தூக்கினேன்.

“மாமா, கைய எறக்குங்க.”

“ஒன்பதாம் விதி மாப்ள! அந்தாளு மெஷின் போடுறாரு.”

“போட்டுக்கினு போவட்டும் மாமா. ஆடாதீங்க, கால்ல வேணா வுழறேன்.”

மேஜைகளுக்கு நடுவே சுற்றிவந்த கள நடுவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் சர்வீஸில் ஒரு கோணல் கம்பி தப்பியதில்லை. “அப்ஜெக்‌ஷன்!” என்று கத்திக்கொண்டு எழுந்தேன். அதே நொடியில் கத்தரி என் இடது காதுக்கு மேல் நாலு விரல் அகலத்துக்கு மேய்ந்துவிட்டது.

கள நடுவர் ஓடிவந்தார். “இன்னா பெரியவரே, பாத்ரூமா?”

முறைகேட்டை விளக்கினேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் ஒன்று இருந்தது. ‘பிடரி முடிக்கு மட்டும் மெஷின் அனுமதிக்கப்படும்.’

“இத்த படிக்கலயா? சரி, முன்பக்கம் பதினொன்னு இன்னா சொல்லுது?”

ரயிலில் படித்த அதே குரலில் படித்தேன். குரல்தான் பாதியில் இறங்கிவிட்டது.

நல்ல மனிதர் அவர். குனிந்து கிசுகிசுத்தார். “கால் மரத்துப்போச்சு, அதான் எழுந்தேன்னு சொல்லு பெரியவரே. வுட்டுடறேன்.”

இந்த இடத்தில் எந்த முட்டாளும் தலையாட்டியிருப்பான். நான் முட்டாளைவிட ஒரு படி மேல். “இல்லைங்க, புகார் கொடுக்கத்தான் எழுந்தேன்” என்றேன். அதோடு விட்டேனா? எழுந்த நேரத்தைக் குறிப்பிட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியில் தினேஷின் முகத்தைப் பார்த்தேன். அவர் சீப்பைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு பக்கத்து மேஜைக்கு.

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தினேஷ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். “இப்டியே ஊட்டுக்குப் போனா அவ என்னத்தான் கேப்பா. ஒக்காருங்க மாமா. இப்பயாவது ஆடாதீங்க.”

உட்கார்ந்தேன். மூச்சுகூட அளந்துதான் விட்டேன். அந்த நாலு விரல் பள்ளம், வேண்டுமென்றே வெட்டிய மாதிரி மெல்ல மெல்லப் பின்னந்தலைக்கு இறங்கிக் கலந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்த ஒரு நடுவர் என் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். “இத்த உள்ள பண்ணியிருந்தா…” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

தினேஷ் அதன்பிறகு போட்டியில் கத்தரி எடுக்கவில்லை, வயது விடவில்லை. மறுவருடம் அவரையே கள நடுவராகக் கூப்பிட்டார்கள். புதிய விதிமுறைத் தாள் வீட்டுக்கு வந்தது. முன்பக்கத்திலேயே, தடித்த எழுத்தில், பதினொன்று-அ: ‘மாடலாக அமர்பவர் எக்காரணம் கொண்டும் புகார் கூறக் கூடாது.’

மகள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். சாம்பாரில் உப்பில்லை என்று நான் வாயைத் திறந்தால் போதும், “நைனா, பதினொன்னு-அ” என்கிறாள். தினேஷ் குனிந்து சாப்பிடுவார். தோள் மட்டும் குலுங்கும். என்ன செய்வது, விதி என்றால் விதிதான். நாற்காலியை விட்டு எழாமல் சாப்பிட்டு முடிக்கிறேன்.