சும்மா திறந்து பார்ப்பவர்

உலகத்தில் ஓர் இனம் இருக்கிறது. பசித்தால் சாப்பிடும், தூக்கம் வந்தால் தூங்கும், திருகைக் கண்டால் திருகும். மற்ற விஷயங்களில் நம்மைப் போலத்தான். நேரத்துக்கு வேலைக்குப் போகும், பிள்ளைகளைக் கொஞ்சும், யாரிடமும் கடுமையாகப் பேசாது. இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் கையில் ஓடாத கடிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதன் முகத்தை அவர் பார்க்கமாட்டார். முதுகைத்தான் பார்ப்பார். அங்கே நாலு திருகுகள் தெரிந்தால் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

"சும்மா திறந்து பாப்போம்" என்பார்.

இந்தச் 'சும்மா'வைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் மொழியில் இதைப்போல அப்பாவி வேஷம் போடும் சொல் வேறில்லை. சும்மா வந்தேன் என்கிறவர் எதையோ கேட்க வந்திருக்கிறார். சும்மா சொன்னேன் என்கிறவர் நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறார். சும்மா திறந்து பாப்போம் என்கிறவர் வீட்டில் இனி சில வாரங்களுக்குச் சாப்பாட்டு மேசை கிடையாது.

இவரை மெக்கானிக்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெக்கானிக் மூடுவதற்காகத் திறக்கிறவர். மூடினால்தான் அவர் வீட்டுக்குப் போக முடியும். நம்மவர் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறார்.

எனக்குத் தெரிந்த அளவில் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி என் சகலைதான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து பிறருடைய விபத்துகளைப் படித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஏரியின் அந்தக் கரையில் அவர்கள் வீடு, இந்தக் கரையில் எங்கள் வீடு. அவரிடம் ஒரு படகு உண்டு. படகின் பின்னால் அவருடைய கல்யாணத்தைவிட மூத்த ஒரு மோட்டார். படகில் வந்தால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம் என்று அவர் சொல்வார். கொஞ்சம் கூடத்தான் ஆகும். சாலையில் வந்தால் ஏரி முழுவதையும் சுற்றி, இரண்டு பஸ் மாறி, அரை நாள் போய்விடும்.

என் மனைவி மாடிப்படியில் கால் பிசகி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். முழங்கால்வரை மாவுக்கட்டு. செய்தி கேட்டுத் தங்கை போனில் அழுதாள். யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாள். நான்தான் என்று தெரிந்ததும் மறுபடி அழுதாள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே வந்து கூட இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். என் மனைவி அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

படகுக்குப் பெட்ரோல் தருவது ஒரு தனி டேங்க். கைப்பிடி வைத்த சிவப்பு டப்பா. அதை அவர் காரின் பின்சீட்டில் வைத்து வீட்டுக்கும் கரைக்குமாகக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். கார் முழுக்கப் பெட்ரோல் நாறுகிறது என்று மைத்துனி மூக்கைப் பொத்திக்கொண்டாள். டேங்க் மூடியின் தலையில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை அவர் இறுக்கி மூடினார். நாற்றம் நின்றது. மனைவி சொல்லி அவர் மறு பேச்சில்லாமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று அவள் பிறகு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை படகு கிளம்பியது. நன்றாகத்தான் வந்தது. ஏரியின் நடுவில் ஓர் இருமல் இருமி நின்றது. கயிற்றை இழுத்தார், இழுத்தார், தோள்பட்டை கழன்று வருகிற வரை இழுத்தார். பிறகு இருவரும் துடுப்புப் போட்டு, கிளம்பிய கரைக்கே திரும்பினார்கள். கரையில் கால் வைப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

"கார்புரேட்டர்தான்."

எப்படித் தெரியும்? நோயைப் பார்த்து உறுப்பைத் தீர்மானிப்பது டாக்டர்களின் வழக்கம். இந்த இனத்துக்கு எதைத் திறக்க ஆசையோ அதில்தான் நோய். அந்த மோட்டாரில் இரண்டு கார்புரேட்டர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. பெட்ரோலையும் காற்றையும் பதமாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சின்ன உலோகக் கூடுகள். மோட்டாரை வாங்கிய நாளிலிருந்தே அவருடைய கண் அவற்றின் மேல்தான் இருந்தது. ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மைத்துனியைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று நானே பஸ் ஏறினேன். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் இரண்டு கார்புரேட்டர்களும் தங்களால் எத்தனை துண்டுகளாக இருக்க முடியுமோ அத்தனை துண்டுகளாக இருந்தன. ஊசித் துளை போட்ட பித்தளை ஜெட்டுகள், மிதவைகள், ஊசிகள், தலைமுடி கனத்தில் ஸ்பிரிங்குகள், கசிவைத் தடுக்க இடையில் வைக்கிற, பொடிந்துபோன கேஸ்கெட்டுகள். முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொன்று. மேல் கார்புரேட்டருக்கு ஓர் அட்டை, கீழ் கார்புரேட்டருக்கு ஓர் அட்டை, எந்த அட்டை எதற்கு என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. நடுவில் ஒரு பல்துலக்கும் பிரஷ். அது யாருடையது என்று மைத்துனியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தே நடந்தார்கள். காலையில் ஒரு ஸ்பிரிங் துள்ளிப் போயிருந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உட்காருங்கள் என்றோ அக்கா கால் எப்படி இருக்கிறது என்றோ கேட்கவில்லை.

"அண்ணா, இந்த டார்ச்சக் கொஞ்சம் பிடிங்க."

இதுவும் இனத்தின் வழக்கம்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், நட்டநடுப் பகலானாலும், கையில் டார்ச்சைக் கொடுத்துவிடுவார்கள். வெளிச்சம் ஒருபோதும் சரியான இடத்தில் விழாது. அதற்கு நாம்தான் காரணம். "இங்க இல்ல, அங்க. அங்க இல்ல, உள்ள. உங்க தலைய எடுங்க." நான் தலையை எடுத்தேன். அவர் ஒரு ஜெட்டின் துளை வழியாக என்னைப் பார்த்தார். ஊதினார். மறுபடி பார்த்தார். துளையில் அடைப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மைத்துனி பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, நான் அத்தானோட பஸ்ல போறேன் என்றாள். அவர் திரும்பவே இல்லை. கையிலிருந்த மிதவையை மிக மெதுவாகச் செய்தித்தாளின் மேல் வைத்தார்.

"போ. ஆனா நீ பஸ்ல போயிட்டா, இதெல்லாம் நான் யாருக்காகப் பண்றேன்?"

கேட்டீர்களா? அதுவரை அது அவருடைய ஆசை. அந்த நொடியிலிருந்து அது அவளுக்கான பரிசு. பரிசை யாரால் தட்டிவிட முடியும்? அவள் வாசலையும் பார்த்தாள், மேசையையும் பார்த்தாள். "கிட்டத்தட்ட முடிஞ்சதும்மா" என்றார் அவர். அவள் பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். நான் தனியாகப் பஸ் ஏறினேன். டார்ச் என் கையிலேயே வந்துவிட்டது.

'கிட்டத்தட்ட' என்பது இந்த இனத்தின் இரண்டாவது சொல். அதற்கு நீளம் அகலம் கிடையாது. அந்த வாரம் கிட்டத்தட்ட முடிந்தது, புது கேஸ்கெட் வரவேண்டும். அடுத்த வாரமும் கிட்டத்தட்ட முடிந்தது, வந்த கேஸ்கெட் வேறு ஏதோ மோட்டாருக்கு. அவர்கள் வீட்டில் நின்றபடியும் மடியில் தட்டை வைத்தபடியும் சாப்பிட்டார்கள். இங்கே என் மனைவி நான் வைத்த குழம்பைக் கரண்டியால் கிளறி, இதச் சும்மா திறந்து பாத்தீங்களா என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தாள். தினமும் போனில் அக்காவும் தங்கையும் பேசினார்கள். வர வர அக்காவின் பேச்சு குறைந்தது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். அதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கிழம படகுல போறேன். இல்லன்னா பஸ்ல போறேன். பஸ்ல போனா அக்கா எழுந்து நடக்குற வரைக்கும் திரும்பி வரமாட்டேன். வந்ததும் இந்த மேசை எனக்கு வேணும்."

திறந்த வேகத்தில் மூட முடிந்தால் அவர் மெக்கானிக் ஆகியிருப்பார். ஆனாலும் மூடினார். துள்ளிப்போன ஸ்பிரிங்கும் அகப்பட்டு, சனிக்கிழமை மாலைக்குள் இரண்டும் கண்ணாடிபோலப் பளபளத்து மோட்டாரில் ஏறின. அவற்றில் முன்பும் ஒரு குறையும் இருந்ததில்லை. இப்போதும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் மனைவியும் மாடி வராந்தாவில் இருந்தோம். அவள் கட்டுப் போட்ட காலை ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தாள். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி படகாகிக்கொண்டே வந்து, போன தடவை இருமிய அதே இடத்தில் இருமியது. சத்தம் நின்றது.

"நின்னுடுச்சு" என்றாள் என் மனைவி.

படகுக்குள் நடந்தது மைத்துனி பிறகு சொல்லித் தெரிந்தது. அவர் மோட்டாரின் மூடியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடியிருக்கிறார். கார்புரேட்டரை ஏரி நடுவிலேயே மறுபடி கழற்றிவிடுவது என்று முடிவு. அவளோ எங்கள் வராந்தாவைப் பார்த்தாள். ஸ்டூலின் மேல் வெள்ளையாக ஒரு கால் தெரிந்தது. பிறகு காலடியிலிருந்த சிவப்பு டேங்கைப் பார்த்தாள். அதிலிருந்து போகும் குழாயின் நடுவில், அழுத்தினால் பெட்ரோலை மோட்டாருக்குத் தள்ளும் ரப்பர்க் குமிழ் சப்பிப்போட்ட பழம்போல ஒட்டிக் கிடந்தது. டேங்க் மூடியின் தலையில் அந்தச் சின்னத் திருகு. அதன் அருகில் இரண்டு அம்புக்குறிகள். ஒன்று திற. ஒன்று மூடு.

"என்னங்க, இதச் சும்மா திறந்து பாக்கட்டுமா?"

"எதையும் தொடாத. சும்மா இரு."

அவர் தலை மோட்டாருக்குள் போகும்வரை சும்மா இருந்தாள். பிறகு திருகினாள்.

ஸ்ஸ்ஸ் என்று டேங்க் மூச்சு வாங்கியது. பாவம், அது என்ன செய்யும்? உள்ளே காற்று போனால்தானே வெளியே பெட்ரோல் வரும்? மூச்சை அடக்கிக்கொண்டு பாதி ஏரி வரை வந்ததே பெரிய காரியம். அவர் செய்வதை அவள் பார்த்திருந்த மாதிரியே குமிழையும் நாலு அழுத்து அழுத்தினாள். அவர் நிமிர்ந்து, கடைசியாக ஒரு தடவை கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது.

"பாத்தியா" என்றார். "ஜெட் செட்டாகக் கொஞ்ச நேரம் எடுக்கும்னு சொன்னேன்ல."

"ஆமாங்க" என்றாள்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து அழுது முடித்த பிறகு, சமையலறையில் நான் வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் மைத்துனி முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்துக்கொண்டே இதைச் சொன்னாள். இதை அவரிடம் சொல்லவே இல்லையா என்று கேட்டேன்.

"சொன்னா டேங்கக் கழட்டுவாரு, அத்தான்."

யோசித்துப் பாருங்கள். கடிகாரம், ரேடியோ, மாவு அரைக்கும் மிஷின், பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் திறந்த மனிதர். வாழ்நாளில் யாரும் கெடு வைக்காமல் அவர் ஒழுங்காக மூடியது ஒரே ஒரு திருகு. திறந்து வைத்திருக்க வேண்டியதும் அது ஒன்றுதான்.

அவர் கூடத்தில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கார்புரேட்டராக வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சு மெல்லத் தேய்ந்தது. பார்வை ஸ்டூலின் மேல் வந்து நின்றது. குனிந்து மாவுக்கட்டின் ஓரத்தை விரல் நகத்தால் தட்டினார்.

"உள்ள எத்தன சுத்து சுத்தியிருக்காங்க, அக்கா?"

என் மனைவி காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "டாக்டர் பிரிப்பாரு" என்றாள்.

"இல்ல, சும்மா கேட்டேன்."

நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை. நல்லது. ஆனால் மோட்டார் ஏரி நடுவில் நின்றது என்று நான் எழுதியபோதே உங்களில் சிலர் 'டேங்க் மூடி' என்று முணுமுணுத்திருப்பீர்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இன்னும் சிலர், மூடி சரிதான், எதற்கும் அந்தக் கீழ் கார்புரேட்டரையும் இன்னொரு தடவை பார்த்துவிடுவது நல்லது என்று இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விரல் நுனி லேசாக அரிக்கிறது. பக்கத்தில் மேசை விளக்கோ மின்விசிறியோ ஏதோ ஒன்று உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. உங்களிடம்தான் சொல்கிறேன். அதன் பக்கம் பார்க்காதீர்கள். இந்தப் புத்தகத்தை மெதுவாக மூடுங்கள்.

மூடத் தெரியும், அல்லவா?