குப்பைக்குக் காவல் வந்த பிள்ளையார்

மஸ்கெலியா,
வெள்ளிக்கிழமை.

அன்பும் அதட்டலும் ஒருங்கே உள்ள அக்கா நாகலெட்சுமி அவர்களுக்கு,

தம்பி ஆண்டியப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் மருமகள் தனுஜாவும் கறவை மாடும் அம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே வத்தளையில் நீங்களும் மகன் யோகேஸ்வரனும் பேரன் மதுரனும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடியதை ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை.

போன வாரம் நீங்கள் சொன்னீர்கள்: “அந்தச் சாக்கடையில என் பேரன முக்கி எடுக்கவா? முடியெறக்குறத இங்கயே கோயில்ல வச்சிக்கிறோம். நீ வேணும்னா பஸ் ஏறி வா.” அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் மாரியம்மன் திருவிழாவில், நம் ஆற்றில் முக்கி எடுத்துத்தான் முடி இறக்கினோம். உங்களுக்கும் எனக்கும் அங்கேதான். அக்கா, ஞாயிற்றுக்கிழமை கம்பளி அலசப் போவோமே, அது மறந்துபோச்சா? அம்மா அந்தப் பெரிய கல்லில் கம்பளியைப் போட்டு மிதிப்பார், நீங்கள் ஒரு முனை நான் ஒரு முனை பிடித்து முறுக்குவோம், வேண்டுமென்றே நீங்கள் முனையை விட, நான் ஆற்றுக்குள் விழுவேன், அம்மா உங்களை அடிக்காமல் என்னை அடிப்பார். கரையிலேயே கேத்தலில் தண்ணீர் கொதிக்கும், அதே ஆற்றுத் தண்ணீர், அதில் தேயிலைச் சாயம் ஊற்றிக் குடிப்போம். ஒருத்தருக்கும் வயிற்று வலி வந்ததில்லை. அந்தக் கல் இப்போது மண்ணும் குப்பையும் மூடி எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஆறு கெட்ட கதை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது, நல்லதுதான், குழி நிறைந்ததும் குழாயை ஆற்றுப்பக்கம் திருப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு டேப் வந்தது, அதில் காற்று வரும் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். ஆகவே குளிக்கவும் துவைக்கவும் இன்னும் ஆற்றுக்குத்தான் போகிறோம். இதற்கு மேலே பேம்பர்ஸ். நம் காலத்துக் கோவணத் துணி நாலு பிள்ளைக்கு உதவும், இது ஒரு தடவைதான், அப்புறம் பையில் கட்டி ஆற்றில் வீசி எறிகிறார்கள். அது ஊறி ஊறித் தலையணை மாதிரி ஆகிக் கல்லுக்குக் கல் உட்கார்ந்திருக்கிறது.

நான் கோயில் கமிட்டித் தலைவர், சும்மா இருப்பேனா? ‘குப்பை போடாதே’ என்று போர்டு நட்டோம். அடுத்த நாள் போர்டுக் கம்பில் இரண்டு பை தொங்கியது. பக்கத்து லயத்து வீட்டு ஜொய்சியைக் கேட்டால், “கீழ போடாதனுதானேண்ணே சொன்னீங்க, மாட்டித்தானே வச்சிருக்கேன்” என்கிறாள். கையால் அள்ளலாம் என்று தனுஜா சொன்னாள். தோட்டத்தில் கங்காணியாக இருந்து நூறு பேரை வேலை வாங்கியவன் குனிந்து பேம்பர்ஸ் பொறுக்குவேனா, அந்தப் பேச்சையே எடுக்காதே என்றுவிட்டேன். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. அட்டன் டவுனில் ஒரு சிமெந்துப் பிள்ளையார் வாங்கி, குப்பை கொட்டும் இடத்திலேயே வைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். நம்புங்கள், அன்றோடு ஒரு பை விழவில்லை. எதிர்க்கரையில் விழுந்தது. உடனே வியாகுலம், நம்மோடு படித்தவன்தான், அந்தக் கரையில் அந்தோணியாரைக் கொண்டுவந்து வைத்தான். அந்தக் கரையும் சுத்தம்.

ஆனால் மறுநாள் குளிக்கப் போன பொம்பளைகள் வாளியோடு திரும்பி வந்துவிட்டார்கள். “மாராப்புப் பாவாடையோட பிள்ளையாரு மூஞ்சிக்கு முன்னால எப்புடிண்ணே குளிக்கிறது?” ஜொய்சி அக்கரைக்குப் போனாள், அந்தோணியார் கண் கொட்டாமல் பார்க்கிறாராம், அவளும் வந்துவிட்டாள். லயமே குளிக்காமல் நாறியது. சரி, பிள்ளையாரைத் தேயிலைப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தோம். விடிந்து பார்த்தால் அவர் முதுகுக்குப் பின்னால் பேம்பர்ஸ் பை. திரும்பவும் ஆற்றைப் பார்க்க வைத்தோம். இப்போது குளிக்கிற நேரத்துக்கு மட்டும் சிவப்புத் துணியால் அவருக்குத் திரை போடுகிறோம், திரை எடுக்கும்போது மணி அடிப்பது என் பொறுப்பு.

ஆகவே அக்கா, ஆறு சுத்தம். கமிட்டியில் ஏகமனதாகத் தீர்மானமே போட்டுவிட்டோம். தயங்காமல் பேரனைக் கூட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வந்துவிடுங்கள். அவனுடைய பேம்பர்ஸை மட்டும் மறக்காமல் வத்தளைக்கே திருப்பிக் கொண்டுபோய்விடவும். பிள்ளை நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ அம்மன் துணை. யோகேஸ்வரனுக்கு மாமனின் ஆசீர்வாதம், உங்கள் காலுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உங்கள் அடிக்கு அஞ்சாத தம்பி,
ஆண்டியப்பன்

பின்குறிப்பு: கடிதத்த ஒட்டி வச்சிட்டுப் படுத்தேன் அக்கா, ராத்திரி பூரா மழை, அதான் திரும்பப் பிரிச்சி எழுதுறேன். ஆறு பொங்கிக் கரை சரிஞ்சி பிள்ளையாரு போயிட்டாரு. கீழ்த் தோட்டத்துல ஒதுங்கியிருக்காரு. கேக்கப் போனா, “தானா தேடி வந்த சாமி, தர மாட்டோம்”னு பொங்க வச்சிக்கிட்டு இருக்காங்க. அந்தோணியார மட்டும் வியாகுலம் மழைக்கு முந்தியே வீட்டுக்குள்ள எடுத்து வச்சிட்டான், ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லல. தீர்மானமும் போச்சி, மேலத் தோட்டத்துக் குப்பையெல்லாம் இப்ப நம்ம கரையிலதான். சுத்தம்னு எழுதினத அடிச்சிடுங்க. ஆனா ஒண்ணு அக்கா. தண்ணி மண்ண அரிச்சிக்கிட்டுப் போனதுல அம்மா கம்பளி மிதிச்ச கல்லு வெளிய வந்திருச்சி. அப்புடியே இருக்கு. மேல ஒரு பேம்பர்ஸ் ஒக்காந்திருந்திச்சி. சுத்திமுத்திப் பாத்தேன், யாரும் இல்ல, நானே குனிஞ்சி எடுத்துட்டேன். அப்புறம் பக்கத்துல கெடந்ததையும் எடுத்தேன். நீங்க வர்ற வரைக்கும் தெனமும் காலையில போயி எடுப்பேன். அந்தக் கல்லுல வச்சிப் பேரனுக்கு முடியெறக்குவோம், வாங்க அக்கா.