ஒண்டும் நடக்காது

நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியத்தில்தான் மனிதன் தலைகுப்புற விழுவான் என்பார்கள். நான் மல்லாக்க விழுந்தேன். அந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர எனக்காகச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். ஊன்றுகோலோடு நடப்பவர்களுக்குத் தையலும் தட்டச்சும் பழக்க நான் சேர்ந்திருந்த சமூகசேவைச் சங்கம் ஒரு நிலையம் கட்டியது. கட்டடக் குழுவில் எல்லோருக்கும் தலா இரண்டு கால், எல்லாம் நல்ல நிலையில். (நடக்க ஏலாத சனத்தை ஏன் கூட்டத்துக்கு அலைக்கழிக்கவேணும் என்று கேட்டவன் நானேதான்.)

திறப்பு விழாவுக்கு முதல் நாள், தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போடும் பொறுப்பை வலியக் கேட்டு வாங்கினேன். விருந்தாளி வருகிறார் என்றால் சீமெந்துத் தரை மின்னத்தானே வேண்டும்? தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்துக் கூடம் முழுக்க ஆடி ஆடித் தேய்த்தேன். குனிந்து பார்த்தால் என் மீசை தெரிந்தது. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் முதலில் வந்தவள் பார்வதி. பன்வில தேயிலைத் தோட்டத்துப் பெண். சின்ன வயதில் போலியோ வந்து கால்கள் மெலிந்தவள். வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, ஊன்றுகோல்களைக்கூடத் தட்டிப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். வாசலில் நின்று தரையைப் பார்த்தாள்.

"இதுல நாங்க எப்படிங்க நடக்கிறது?"

"கையைத் தாங்கோ, நான் பிடிக்கிறன்."

"பிடிக்க ஆளு வேணும்னா வீட்டுலயே இருந்திருப்பேனே. யாரு தயவும் இல்லாம வந்து போக ஒரு இடம் கெடைக்கும்னுதாங்க வந்தேன்." முகம் வாடிவிட்டது. திரும்பிப் போக ஆயத்தமானாள்.

நான் பதறிப்போனேன். "பயப்பிடாதேங்கோ! ஒண்டும் நடக்காது!"

"அதைத்தாங்க நானும் சொல்றேன். இதுல ஒண்ணும் நடக்காது."

அந்தச் சிலேடை என் மண்டையில் ஏறவில்லை. "பாருங்கோ, நான் நடந்து காட்டுறன்" என்று, சுவரோரம் இருந்த புது ஊன்றுகோல்களைக் கக்கத்தில் செருகி ஓர் எட்டு வைத்தேன். ஒரு கோல் கிழக்கே போனது, மற்றது மேற்கே. நான் நேரே குத்துவிளக்குக்குப் போனேன். பிரதம விருந்தினர் மாலையோடு வாசலுக்கு வந்தபோது, விளக்கிலிருந்த எண்ணெய் முழுவதும் என் வெள்ளைச் சட்டையில் இருந்தது.

"அடிபட்டுருச்சுங்களா? எந்திரிக்காதீங்க, நானே வர்றேன்." பார்வதி ஊன்றுகோல்களை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அரக்கி அரக்கி என்னிடம் வந்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டில்தான் என் மனம் பறிபோனது.

ஊன்றுகோலோடு பின்னால் வந்தவர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள். பிரதம விருந்தினரும் சப்பாத்தைக் கழற்றி உட்கார்ந்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களை முதன்முதலாகக் கேட்ட கூட்டம், எவராலும் நிற்க முடியாத காரணத்தால், தரையில் நடந்தது. பொலிஷ் போயிற்று, சொரசொரப்பான தரை வந்தது. பார்வதி குழுவில் சேர்ந்தாள். பிறகு என் வீட்டிலும் சேர்ந்தாள். (கல்யாணம் கேட்டபோது, "ஒண்ணும் நடக்காதுன்னு சொன்னவரு நீங்கதானே?" என்றாள்.)

இப்போது எனக்கும் கைத்தடி வந்துவிட்டது. போன மாதம் மகள் குளியலறைக்கு மினுமினுக்கும் டைல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, "ஒண்டும் நடக்காது அப்பா" என்றாள்.

உள்ளேயிருந்து பார்வதியின் குரல் வந்தது. "மொதல்ல அவரைக் கேளுடி. இந்த வீட்டுல விழுந்து அனுபவம் உள்ளவரு அவருதான்."

மகள் சிரித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, எப்பிடிப்பட்டது வேணும், சொல்லுங்கோ அப்பா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்கப்படுவதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், அவ்வளவு பொலிஷ் வீணாகியிருக்காது.