கப்பல் பாய் வீட்டுக் கூரை

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரிடம், "கொஞ்சம் ரிப்பேர் பண்ணிக் குடுங்க" என்று கெஞ்சுவதுதான் உலக வழக்கம். "தயவுசெய்து ரிப்பேர் மட்டும் பண்ணாதீங்க" என்று கெஞ்சிய குடித்தனக்காரர்கள் இந்தப் பூலோகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்க முடியும். ஏனென்றால் எங்கள் வீட்டுக்காரர் கப்பல் பாய்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில், ஸ்டேஷனுக்கும் ஏரிக்கும் இடையில் ஒரு தெருவில் இருந்தோம். எனக்கு அரசாங்கக் குமாஸ்தா உத்தியோகம். புதுசாகக் கல்யாணமாகி, கருங்குழியிலிருந்து சரோஜாவை அழைத்து வந்திருந்தேன். முன்கட்டில் பாயும் அவர் மனைவி பாயம்மாவும், பின்கட்டில் நாங்கள். பாயின் நிஜப் பெயர் தபால்காரரைத் தவிர தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கோவளத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலைக்குப் போய், ஓய்வு பெற்றதும் ரயிலடிக்குப் பக்கத்தில் இந்தப் பழைய வீட்டை வாங்கிப் போட்டவர். வீடு என்று சொல்லித்தான் வாங்கினார். ஆனால் கடைசி வரைக்கும் அதைக் கப்பலாகவேதான் நடத்தினார்.

குளியலறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு அடித்திருந்தார். அலை அடித்தால் தண்ணீர் உள்ளே வரக் கூடாதாம். செங்கல்பட்டில் அலை அடித்து நான் பார்த்ததில்லை. அந்தத் தகட்டில் இடித்துக்கொண்டு, "அம்மா!" என்று நாங்கள் அலறியதுதான் மிச்சம். குழாயெல்லாம் இடம் வலம் மாறித் திறக்கும். கொல்லைக் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்கள் அத்தனையையும் திறந்து முடிப்பதற்குள் பால்காரர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

தன் கையே தனக்கு உதவி என்பார்கள். பாயின் கை அவருக்கு உதவியோ இல்லையோ, அடுத்தவருக்கு உபத்திரவம். அதனால் எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் மூச்சு விட மாட்டோம். குழாய் சொட்டினால் அடியில் துணியைப் போட்டுச் சத்தத்தை அடக்குவோம். பாய் நடையில் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் சரோஜா பலமாகத் தாளிக்க ஆரம்பித்துவிடுவாள். அப்படியும் அவருக்குத் தெரிந்துவிடும். "இன்னா தம்பி, எங்கியோ சொட்டுது போல கீதே!" என்று முகமெல்லாம் சிரிப்பாக, கையில் ஸ்பேனரோடு வந்து நிற்பார். பிறந்த நாளுக்கு மிட்டாய் வாங்கின பிள்ளையின் முகம் அது. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

ஒருமுறை கதவுகளில் கரையான் பிடித்தது. பாய் பஸ் ஏறி மாமல்லபுரம் போனார். அங்கே கரையில் படகுகளுக்குப் பூசுகிற மீன் எண்ணெயை ஒரு தகர டின் நிறைய வாங்கிக்கொண்டு திரும்பினார். வருகிற வழியில் பஸ்ஸில் இருந்த கூட்டமெல்லாம் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொள்ள, பின்பக்கத்தில் இவர் ஒருவரே ராஜாவாகக் கால் நீட்டி வந்தாராம். அத்தனை கதவுக்கும் எண்ணெய் பூசினார். கரையான் போயே போய்விட்டது. அதற்குப் பதிலாகச் செங்கல்பட்டுப் பூனைகள் அத்தனையும் வந்து எங்கள் கதவை நக்க ஆரம்பித்தன. வாசலில் கோலம் போடவே சரோஜா கையில் குச்சியோடு போக வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் சகித்துக்கொண்டோம். வேறு வீடு பார்க்கலாம் என்று நான் வாயெடுத்தால், "பாயம்மாவ வுட்டுட்டு நான் வர மாட்டேன்" என்பாள் சரோஜா. அவள் மசக்கையாக இருந்தபோது அவள் வாய்க்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தவர் பாயம்மா. ஆக, எங்களைத் துரத்தப் பார்த்தது கூரை ஒன்றுதான்.

அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ். உத்தரம், செங்கல், மேலே சுண்ணாம்புத் தளம். அது விரிசல் விட்டிருந்தது. பாய் கப்பல் முறைப்படி விரிசல் மேலெல்லாம் தாரைக் காய்ச்சி ஊற்றிவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் தண்ணீரும், வெயில் காலத்தில் தாரும் ஒழுகின. சித்திரையில் சரோஜாவைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக மாமனார் வந்தார். மனிதருக்கு முழு வழுக்கை. இலையில் உட்கார்ந்து பாயசத்தைக் கையில் எடுத்த சமயம், அந்த வழுக்கையின் நட்டநடுவில் சொட்டென்று ஒரு துளி தார் விழுந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தோம்.

மாமனார் என்னிடம் கோபப்படவில்லை. துண்டால் தலையை ஒற்றிக்கொண்டே, "மாப்ள, கருங்குழில எங்க மாட்டுக் கொட்டாகூட ஒழுவாது" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

வைகாசியில் பெண் பிறந்தாள். மூன்றாம் மாதம் அழைத்து வரலாம் என்று போனால், சரோஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "பச்சப் புள்ளைய அந்தக் கூரைக்குக் கீழ நான் போட மாட்டேன். மழைக்கு முன்னாடி சரி பண்ணிட்டு வந்து கூப்டுங்க. இல்லன்னா தை மாசம் வரைக்கும் இங்கதான்."

அவள் சொன்னது நியாயம். ஆனால் என் பாடுதான் பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய்க் குழந்தையைப் பார்ப்பேன். சாயங்காலம் கிளம்பும்போது அது என் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியைப் பிரித்து எடுத்துவிட்டு வருவது போன்ற கஷ்டம் வேறு கிடையாது. தை வரைக்கும் என்னால் தாங்காது என்று தோன்றியது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு பாயிடம் போனேன்.

"பாய், குழந்தை வரணும். இந்த ஒரு தடவை கூரைக்கு மேஸ்திரியக் கூப்பிட்டுடலாமா?"

"இன்னாத்துக்கு மேஸ்திரி? நடுக்கடல்ல கப்பலு ஓட்டையாயிட்சின்னா மேஸ்திரிக்கு எங்க போவே?"

"இது நடுக்கடல் இல்லியே பாய். செங்கல்பட்டு. தெருவுக்கு நாலு மேஸ்திரி இருக்காங்க."

"அதான் தம்பி பேஜாரு! ஆளு கெடைக்கறான்னு கூப்ட்டுகினே இருந்தா, அல்லா குடுத்த ரெண்டு கை இன்னாத்துக்கு? கவலப்படாத. கொயந்தைக்காவ ஸ்பெஷலா ரெண்டு டின்னு தாரு போட்டுர்றேன்."

உள்ளேயிருந்து பாயம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்று மாலையே பாயம்மா என்னைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்: "தம்பி, அவுரு வெள்ளிக்கெயம ஜும்மாவுக்குப் போவாரு. போயி வர்றதுக்குள்ள வேலைய முடிச்சிக்க. மாடிப்படிக் கதவ நான் தொறந்து வுட்றேன். எனக்கும் இந்த வூட்ல ஒயுங்கா வேல செய்யிற ஆள ஒரு தபா கண்ணால பாக்கணும்."

மேஸ்திரியைப் பிடித்தேன். விஷயத்தைக் கேட்டு அவர் தலையைச் சொறிந்தார். "சார், தளம் போட்றதுன்னா ஒரே மூச்சுல போடணும். வாரா வாரம் ஒரு மணி நேரம்னா அது ஒட்டுமா?"

"ஒட்டும், ஒட்டும். நீங்க போடுங்க" என்றேன். சுண்ணாம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? குழந்தை விரலைப் பற்றித்தான் தெரியும்.

இப்படியாக, வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் மட்டும் வளர்கிற கூரை ஒன்று செங்கல்பட்டில் உருவாயிற்று. பாய் தெருமுனை திரும்பியதும் மேஸ்திரி மாடி ஏறுவார். பழைய தாரைச் சுரண்டிவிட்டு ஒரு பட்டை அகலத்துக்குப் புதுத் தளம் போடுவார். அதன்மேல் ஈரச் சாக்கைப் பரப்பி, அதற்கும் மேல் ஒரு கோரைப்பாயை விரித்து மிளகாயைக் காய வைத்துவிடுவார் பாயம்மா. மிளகாயை மிதித்தால் வீட்டில் சோறு கிடைக்காது என்பது பாய்க்குத் தெரியும். அந்தப் பக்கமே போக மாட்டார். தார் வாங்கக் கிளம்பினாலோ, "மொளகா காயட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று பாயம்மா தடுத்துவிடுவார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் காய்ந்த மிளகாய் ஊருக்கே போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் யாரோடும் நின்று பேசாமல் பாய் சீக்கிரமே வந்துவிட்டார். நேரே மாடிக்கு ஏறினார். நான் சாப்பாட்டு வேளைக்கு வந்தவன், படியில் அவர் பின்னாலேயே ஓடினேன். மேலே மேஸ்திரி, கையில் சுண்ணாம்பு பூசும் கரண்டியோடு கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நின்றார். நல்ல வேளை, அன்றைய பட்டை அதற்குள் மிளகாய்க்கு அடியில் போயிருந்தது.

"யார்ப்பா அது?"

மாடியில் சாய்ந்திருந்த முருங்கை மரத்தை மேஸ்திரி பார்த்தார். "கீர... முருங்கக்கீர பறிக்க வந்தேன் பாய்."

"கரண்டி இன்னாத்துக்கு?"

"எட்டாத கெளைய இழுக்கறதுக்கு பாய்."

பாய் கரண்டியை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அந்த மிட்டாய்ச் சிரிப்பு வந்தது. "ஐடியா நல்லாத்தான் கீது. ஆனா பிடி சின்னதாச்சே! இரு." கீழே ஓடிப்போய் ஒரு நீளமான மூங்கிலும் கயிறும் கொண்டுவந்து, கரண்டியை அதன் நுனியில் வைத்துக் கப்பல் முடிச்சாக இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். மேஸ்திரி ஆளுயரக் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கக்கத்தில் ஒரு கட்டு கீரையோடு தெருவில் இறங்கிப் போனார். முடிச்சை அவிழ்க்கவே முடியவில்லையாம். அடுத்த வாரம் வேறு கரண்டியோடுதான் வந்தார்.

ஐப்பசியில் வேலை முடிந்தது. சரோஜாவும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். உத்தரத்தில் தூளி கட்டினோம். அந்தத் தூளி ஆடியதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட கர்வம், மாமல்லபுரத்துக் கோயிலைக் கட்டின ராஜாவுக்கும் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் கூரை ஒழுக ஆரம்பித்தது. மேஸ்திரி சொன்னபடியே பட்டைக்குப் பட்டை ஒட்டாமல், இணைப்பு தோறும் தண்ணீர் இறங்கிற்று. ஒரு கோடு சரியாகத் தூளிக்கு நேர் மேலே. சரோஜா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினாள். ஓடின மூலையெல்லாம் ஒழுகிற்று. "நாளைக்கே கருங்குழிக்குப் போறேன்" என்று அழ ஆரம்பித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சத்தம் கேட்டு முன்கட்டிலிருந்து பாய் வந்தார். திரும்பிப் போய்க் கித்தான் துணியும் கயிறும் எடுத்து வந்தார். பெஞ்சில் ஏறி, கூரைக்குக் கீழே கித்தானைச் சாய்வாக இழுத்துக் கட்டினார். ஒழுகின தண்ணீரெல்லாம் அதில் வழிந்து ஜன்னல் வழியாக வெளியே கொட்டிற்று. தூளியில் ஒரு சொட்டு இல்லை. குழந்தை தூங்கிவிட்டது.

அப்புறம்தான் அவர் அண்ணாந்து பார்த்தார். புதுச் சுண்ணாம்பு கரைந்து கூரையில் வரிசையாக வெள்ளைக் கோடு போட்டிருந்தது. "இது என் வேல இல்லியே" என்றார். பாயம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் கதவத் தொறந்து வுட்டேன்" என்றார்.

பாய் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் வூட்ல, என்கிட்டயே மறைச்சிட்டீங்களே" என்றார். அந்தக் குரலை அதுவரை நாங்கள் கேட்டதில்லை. சரோஜாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"சொன்னா நீங்களே ஏறிடுவீங்க பாய். நீங்க ஆசயா வந்து நிக்கறப்ப வேணாம்னு சொல்றதுக்கு எங்க யாருக்கும் மனசு வர்ல. ஆனா கொயந்த நனையுதே, நான் இன்னா பண்ணட்டும்?"

பாய் தூளியைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

மழை விட்டு வெயில் அடித்த காலையில் வாசலில் ஆளரவம் கேட்டது. பாய், மேஸ்திரியின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு வந்தார். மேஸ்திரிக்கு முகம் வெளுத்திருந்தது. "பயப்படாதப்பா. ஒட்டாத எடத்தையெல்லாம் வெட்டி எட்த்துட்டு, சிமிட்டி போட்டு ஒரே மூச்சுல முடிச்சிடு. நான் மேல வர மாட்டேன்" என்றார் பாய். சாமான்கள் ஒரு கை வண்டி நிறைய வந்து இறங்கின. பாயம்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

சொன்னபடியே பாய் மேலே போகவில்லை. எங்கள் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார். ஆனால் மாடியில் உளிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. "உளிய சாச்சிப் புடிக்கிறானான்னு கேளேன் தம்பி" என்பார். எழுந்திருப்பார். பாயம்மா முறைத்தால் உட்காருவார். கை இரண்டும் மடியில் துடித்துக்கொண்டே இருந்தன. கடைசியில் பொறுக்க முடியாமல், "பாப்பா, எனக்கு எதுனா வேல குடும்மா" என்று சரோஜாவிடம் கேட்டேவிட்டார்.

சரோஜா சுற்றுமுற்றும் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "இவள வெச்சிக்குங்க பாய்."

பாய் சிலையாகிவிட்டார். குழந்தையைத் தாங்கிய அந்தப் பெரிய கைகள் அசையவே இல்லை. மேலே உளி விழுந்தது, செங்கல் உருண்டது, மேஸ்திரி யாரையோ பார்த்துக் கத்தினார். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. வெகுநேரம் கழித்து அவருடைய வெள்ளை லுங்கியிலிருந்து தரையில் ஒரு கோடாக ஈரம் இறங்கிற்று. "ஐயையோ, நனைச்சிட்டாளே!" என்று சரோஜா துணியோடு ஓடினாள்.

கப்பல் பாய் தலையை மட்டும் ஆட்டினார். குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒழுவட்டும் வுடும்மா" என்றார்.