கிங்ஸ்டன் சந்தையில் பிடிபட்ட செபமாலைமுத்து

செபமாலைமுத்து திரும்பிப் பார்த்தபோது, பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

"றோஸ்மலர், விசா ஆக்கள்!" என்றார் மனைவியிடம்.

1988ஆம் ஆண்டு. அவருடைய அகதி விசாரணைக்கு இன்னும் நான்கே நாள். மீன் வாங்க லண்டன் கிங்ஸ்டன் சந்தைக்கு வந்த இடத்தில் மனைவியைத் தவறவிட்டு, அவள் கண்ணில் படட்டுமென்று சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்தார். அவள் வந்தாள். கூடவே இவர்களும் வந்தார்கள்.

"குடையைக் கீழை விடுங்கோவன்."

"ஏலாது. கையை அசைச்சால் ஆயுதம் எண்டு நினைப்பினம்."

தூக்கிய குடையோடு விரைந்து நடந்தார். அவர்களும் விரைந்தார்கள். சந்தையோரப் பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தார்.

"இது எங்கடை கோயில் இல்லையப்பா."

"கர்த்தர் ஒராள்தானே, முழங்காலிலை நில்!"

பன்னிரண்டு பேரும் உள்ளே வந்து, கூரையை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். செபமாலைமுத்துவும் மனைவியும் எழுந்து, வேறு வாசலால் வெளியேறி, நூற்றாண்டுகள் கண்ட சின்னக் கல்பாலத்தைக் கடந்தார்கள்.

"பின்னாலை ஒரு நெட்டையன் ஓடி வாறான். கையிலை பைல்," என்றாள் றோஸ்மலர்.

"அவன்தான் பெரியவன். முடிஞ்சுது எங்கடை கதை."

நகரமண்டபத்தின் முன்னால், இரும்பு வேலிக்குள் இருந்த சாம்பல்நிறக் கல்லருகே கால் சோர்ந்து நின்றார். கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"இது என்ன கல்?" என்று கேட்டாள் ஒரு கிழவி.

விசாரணையை இங்கேயே தொடங்கிவிட்டார்கள்! நல்லவேளை, தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது அந்தக் கல்லடியில் எழுதியிருப்பதை வாசித்திருந்தார். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

"அந்தக் காலத்திலை ஏழு அரசர் இதிலை இருந்து முடிசூடினவை எண்டு சொல்லுகினம்."

"பிறகு?"

"பிறகு சந்தை. எழுநூறு வருசத்துக்கு மேலை நடக்குது. நாங்களும் மீன் வாங்கிறம். களவெடுக்கிறேல்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆளைப் பிடித்த சந்தோசம் என்று நினைத்த றோஸ்மலர் ஓவென்று அழத் தொடங்கினாள்.

நெட்டையன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். செபமாலைமுத்து கண்களை மூடி, விலங்குக்காக இரண்டு கைகளையும் நீட்டினார். விலங்கு விழவில்லை. அவன் அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டான். அவனுடைய கைகள் இவருடையதைவிட அதிகமாக நடுங்கின.

"ஐயா, குடையை உயர்த்திப் பிடித்து இந்தச் சுற்றுலாக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டியவன் நான். இன்றுதான் வேலையில் முதல் நாள். ஐந்து நிமிடம் பிந்தியதற்கா என்னை நீக்கிவிட்டு உங்களைப் போட்டார்கள்?"