ஏழாவது பாக்கெட்

ஒரு சிறுவர் நாவலுக்காகச் சேலையூர் கேம்ப் ரோட்டையே தைக்காத ரவிக்கையோடு அலையவிட்ட ஒரே டெய்லர் எங்கள் காஜா பாய்தான். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டுவைக்காதது என் தப்பு.

நாலாவது படிக்கும் என் மகள் நிலா, பள்ளி மாறுவேடப் போட்டிக்கு அந்த நாவலின் நாயகியாகத்தான் போவேன் என்றாள். தீவு நகரத்துப் பெரிய மணியின் நாக்கு தொலைந்துபோக, அதைத் தேடி, பேசும் ஆமை ஒன்றின்மேல் கடல் கடக்கும் சிறுமி. அவள் அங்கியில் ஏழு பாக்கெட். ஏழாவது எங்கே என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும் என்றது பின்னட்டை. போன வருடம் தக்காளியாக மேடையேறி, வாயே திறக்காமல் அழுதுகொண்டு இறங்கியவள் நிலா. மறுபடி அப்படி ஆனால்? பேசத் தேவையில்லாத மரமாக அனுப்பலாமா?

லெண்டிங் லைப்ரரி புத்தகத்தின் அட்டைப் படத்தைப் பாயிடம் காட்டினேன்.

"கத தெரியாம கத்திரி வெக்க மாட்டேம்மா. புக்க வெச்சிட்டுப் போ."

"நாங்களே பாதிதான் பாய் படிச்சிருக்கோம்!"

"நானு இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!"

மூன்று நாள் கழித்துப் போனால் தையல் மிஷின் உறைக்குள் தூங்குகிறது. பாய் வெட்டுமேஜைமேல் சம்மணமிட்டு, "ஆமைய சுறா புட்சிகினு போய்டுச்சும்மா!" என்று கண்கலங்கினார். ரவிக்கை கேட்டு வந்த ரிட்டயர்டு ரோஸி டீச்சர், கோபத்தில் புத்தகத்தைப் பிடுங்கி ஒரு பக்கம் படித்தார். அவ்வளவுதான், மறுநாள் முதல் முறைவைத்துப் படிப்பு. காலை பாய், மாலை டீச்சர். சுவரில் சாக்கட்டியால் ஓர் அறிவிப்பு: 'முடிவைச் சொல்பவர் துணி தைக்கப்படாது.'

போட்டியன்று காலை, பள்ளி வாசலில்தான் பாய் அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். கடல்நீலம், ஜரிகை அலைகள். எண்ணினேன்; ஆறு பாக்கெட்தான். கேட்க நேரமில்லை.

மேடையில் நிலா வந்தாள். நின்றாள். உதடு துடித்தது. அதே தக்காளி முகம்.

பின்வரிசையிலிருந்து ஒரு கத்தல்: "கண்ணு! ஏழாவது பாக்கெட் உள்ளாரகீது! லெஃப்ட்டு! நெஞ்சாண்ட!"

நிலா உள்ளே கைவிட்டாள். ஒரு பித்தளைச் சலங்கை மணி. உலுக்கினாள்; கிணுகிணுத்தது. கண் விரிய, "மணியோட நாக்கு என்கிட்டயேதான் இருந்திருக்கு!" என்று கத்தினாள். அப்புறம் அவளை நிறுத்த, நடுவர் இரண்டு முறை மணி அடிக்கவேண்டியிருந்தது.

அங்கியைப் பார்க்கவே வந்து முன்வரிசையில் இருந்த ரோஸி டீச்சர் எழுந்து திரும்பினார்.

"பாய்! எனக்கு இன்னும் ரெண்டு சாப்டர் பாக்கி! சுவத்துல எழுதுன நீங்களே சொல்லலாமா?"

"இன்னா பண்றது டீச்சர், கொயந்த நின்னுகினு கீதே!"

பரிசு ஒரு விண்வெளி வீரனுக்குப் போனது. பாய் அன்று மாலையே அறிவிப்பை அழித்துவிட்டு, டீச்சர் ரவிக்கையை முதலில் தைத்தார்.

அதற்குப் பிறகு எனக்குத் தைத்த ஒவ்வொரு ரவிக்கையிலும், இடப்பக்கம் உள்ளே, விரல் நுனி அளவுக்கு ஒரு பை இருக்கும். இப்போது நாங்கள் நாவலூர் அடுக்ககத்தில். இங்குள்ள டெய்லர் சொன்ன தேதியில் கொடுத்துவிடுகிறார், அளவும் கச்சிதம். ஆனாலும் புது ரவிக்கையைப் பிரித்ததும் என் விரல் முதலில் இடப்பக்கம் உள்ளேதான் தேடுகிறது.