வெண்டைப் பாத்தியில் சிமெண்ட் விழாது

ஆயர் குரோவிலிருந்து,
தவக்காலம் ஐந்தாம் ஞாயிறு

ஆண்டவரின் நிழலில் குறைவின்றி வாழும் தங்கை டோரிஸுக்கு அண்ணன் சின்னப்பன் ஆசீருடன் எழுதுவது. அலோர் காஜாவில் நீயும் மச்சானும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். என் வெண்டைச் செடிகள்தான் சுகமில்லை, அதற்கு நீதான் காரணம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்ணில் சிமெண்ட் போட்டுத் துணி காயவைக்கலாம் என்று என் மகன் எட்வின் ஆரம்பித்தான். நான் முடியாது என்றேன். "ஈஸ்டருக்குள்ள ஒரே ஒரு காய் காட்டுங்கப்பா, இல்லன்னா சிமெண்ட் லா" என்றான். விதைப் பொட்டலத்தில் வசந்த காலத்தில் விதைக்கவும் என்று போட்டிருந்தது. அறுபத்து மூன்று வருஷத்தில் இந்த ஊரில் வெயிலைப் பார்த்திருக்கிறேன், மழையைப் பார்த்திருக்கிறேன், வசந்தத்தைப் பார்த்ததில்லை. சரி, தவக்காலம்தான் வசந்தம் என்று முடிவு செய்து சாம்பல் புதன் அன்றே விதைத்தேன். முளைத்தது, பூச்சியும் வந்தது. உன்னிடம் சொன்னேன். நீ சாமியார் மந்திரித்த உப்பை அனுப்பி, நாலு மூலையிலும் ஒரு சிட்டிகை தூவச் சொன்னாய். சிட்டிகை எல்லாம் அவசரம் இல்லாதவர்களுக்கு. நான் செடிக்கு ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீரும் ஊற்றினேன். மூன்றாம் நாள் எல்லாம் படுத்துவிட்டன. "விசுவாசம் வேணும்தான், அதுக்காக ஊறுகாயா போடுவீங்க?" என்றாள் உன் அண்ணி. பக்கத்து வீட்டுக்காரர் குலம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, உம்பாய் கடற்கரையிலிருந்து மீன் வாங்கிக் கருவாடு போடுகிறேனா என்று விசாரித்தார்.

நான் அசரவில்லை. உப்பு மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி எறிந்து, புது மண் கொட்டி, மறுபடியும் விதைத்தேன். நேற்று எட்வின் அளவு எடுக்க டேப்போடு வந்தான். பாத்தி நடுவில் போய் நின்றுகொண்டு, "ஊத்தணும்னா என் கால் மேல ஊத்து" என்றேன். டோரிஸ், முப்பத்து நாலு வருஷம் ஆபீசில் என் கையெழுத்துக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். இப்போது இந்த வீட்டில் டிவி சேனலை மாற்றக்கூட என்னைக் கேட்பதில்லை. காலையில் எனக்காகக் காத்திருப்பது இந்தப் பன்னிரண்டடி மண்தான். அதை விடமாட்டேன். கோயிலில் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, உப்பு மட்டும் அனுப்பாதே. மச்சானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

உன் அண்ணன்,
சின்னப்பன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் எட்வின் வந்தான். "சரிப்பா, சிமெண்ட் வேணாம். தோட்டம் உங்களுக்கே" என்று சொல்லி எட்டு மூட்டை எருவை இறக்கிவிட்டுப் போனான். அவன் எதிர்த்த வரைக்கும் எனக்கு இடுப்பு வலி தெரியவில்லை. இப்போது குனியவே முடியவில்லை. நீயே அவனைக் கூப்பிட்டு சிமெண்ட் போடச் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே. அவன் லாரியோடு வந்தால் நான் கட்டாயம் சண்டை போடுவேன், அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.